உஷார்! உங்கள் கடைக்குப் புதிதாக வருகிறவர் உள்ளே என்ன வைக்கப் போகிறார்?

நம் ஊர் கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம், உத்தமபாளையம், கம்பம் என்று இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் எந்த ஊர்க் கடைவீதிக்குப் போனாலும் கட்டடங்களின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். கீழே ஷட்டர் போட்ட இரண்டு மூன்று கடைகள். மேலே உரிமையாளர் குடும்பமோ, வாடகைக்கு ஒரு குடும்பமோ. பக்கவாட்டில் ஒடுக்கமாக ஒரே ஒரு மாடிப்படி. அந்தப் படிக்கு அடியில்தான் இபி மீட்டர், மோட்டார் சுவிட்சு, தூக்கிப் போட மனசில்லாத பழைய சாமான்கள் எல்லாம். கீழ்க்கடையில் மளிகையோ ஜவுளியோ இருந்தவரை இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. இப்போது அந்தக் கடைகளைக் கேட்டு வருகிறவர்கள் மாறிவிட்டார்கள். மின்சார ஸ்கூட்டர் ஷோரூம், பேட்டரி சர்வீஸ், பார்சல் கம்பெனி, மொட்டை மாடிக்கு டவர், மாடி அறைக்கு ‘ஆன்லைன் ஆபீஸ்’. அட்வான்ஸ் கை நிறையக் கிடைக்கிறது. நாமும் சந்தோஷமாகச் சாவியைக் கொடுத்துவிடுகிறோம். உள்ளே என்ன வைப்பார்கள், ராத்திரியில் என்ன ஓடும், ஏதாவது ஆகிவிட்டால் யார் தலையில் விடியும் என்று கேட்பவர் எத்தனை பேர்?

முதலில் உயிர் போகிற விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

2022 செப்டம்பர் 12, திங்கட்கிழமை இரவு. செகந்திராபாத்தில் ஒரு கட்டடம். கீழ்த்தளத்தில் மின்சார ஸ்கூட்டர் ஷோரூம், மேல் மாடிகளில் லாட்ஜ். கீழே பிடித்த தீயை விடக் கரும்புகைதான் முதலில் மேலே ஏறியது. இறங்க இருந்தது ஒரே மாடிப்படி, அந்தப் படிதான் புகைபோக்கியாக மாறியது. அறைகளில் தங்கியிருந்தவர்களில் சிலர் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். 8 பேர் செத்துப்போனார்கள். இடத்தை நடத்தியவர்களைப் போலீஸ் கைது செய்தது.

அதற்கு ஆறு மாதம் முன்பு, 2022 மார்ச் மாதக் கடைசியில், நம் வேலூரில் நடந்ததும் இதே வகைதான். புது மின்சார ஸ்கூட்டரை வீட்டில் இரவு சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்திருக்கிறார்கள். விடிவதற்குள் தீ. அப்பாவும் 13 வயது மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். ஒரு வண்டிக்கே இந்தக் கதி. ஷோரூம் என்றால் பத்து இருபது வண்டி நிற்கும். சர்வீஸ் கடை என்றால் பழுதான பேட்டரிகளும் சேர்ந்து கிடக்கும். யோசித்துப் பாருங்கள்.

லித்தியம் பேட்டரியில் தீ பிடிப்பது விறகில் தீ பிடிப்பது போல அல்ல. உள்ளே ஒரு செல் கெட்டுச் சூடேறினால் அந்தச் சூடு அடுத்த செல்லைக் கெடுக்கும், அது அதற்கடுத்ததை. வெளிக்காற்று இல்லாவிட்டாலும் உள்ளுக்குள்ளேயே எரிந்துகொண்டு போகும். ஒரு வாளித் தண்ணீருக்கோ ஒரு சாக்கு மணலுக்கோ அடங்காது. அணைந்த மாதிரி இருந்து திரும்பவும் பற்றிக்கொள்ளும். அதிலிருந்து வருவது விஷப்புகை. ஷட்டர் இறக்கிப் பூட்டிய கடையில் ராத்திரி இரண்டு மணிக்கு இது நடந்தால், மேலே தூங்குகிறவர்களுக்குத் தெரிய வரும்போது மாடிப்படி முழுக்கப் புகை நிறைந்திருக்கும்.

வேலூர் மாதிரி அடுத்தடுத்து விபத்து நடந்த பிறகு மத்திய அரசு பேட்டரி விதிகளைக் கடுமையாக்கியது. 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலுமாக இரண்டு கட்டமாக அவை அமலுக்கு வந்தன. கம்பெனியிலிருந்து சீலோடு வரும் புது வண்டிகள் ஓரளவு அந்த விதிக்குள் வந்துவிட்டன. ஆனால் பழைய பேட்டரியைப் பிரித்து, கெட்ட செல்லை மட்டும் மாற்றி, திரும்ப ஒட்டித் தருகிற வேலைக்கு அந்தச் சோதனையெல்லாம் எங்கே நடக்கிறது? சின்ன ஊர்களில் ‘சர்வீஸ் சென்டர்’ என்ற பெயரில் கடை கேட்பவர்களில் இந்த வேலை செய்பவர்களும் உண்டு. அவர்களைக் குற்றம் சொல்லவில்லை, அது ஒரு பிழைப்பு. ஆனால் மேலே குழந்தைகள் தூங்குகிற கட்டடத்தில் அந்த வேலை நடக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. தனிக் கட்டடம், மேலே ஆள் இல்லாத கட்டடம் என்றால் கொடுங்கள். இல்லையென்றால் எவ்வளவு அட்வான்ஸ் நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஷோரூமுக்கு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது என்றால், இன்று சாயந்திரமே போய்ப் பாருங்கள். கடை பூட்டிய பிறகு ஏதாவது வண்டி சார்ஜில் நிற்கிறதா? சார்ஜர் எந்த பாயிண்டில் செருகியிருக்கிறது? பல கட்டடங்களில் கடைக்கும் வீட்டுக்கும் ஒரே பழைய ஒயரிங். ஃபேனும் டியூப் லைட்டும் ஓடுவதற்காக இழுத்த வயரில் பத்து சார்ஜர் ஓடும். மாடிப்படிக்கு அடியில் வண்டி நிறுத்தியிருந்தால் உடனே எடுக்கச் சொல்லுங்கள். மொட்டை மாடியிலிருந்து பக்கத்துக் கட்டடத்துக்கு இறங்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இரும்பு ஏணியாவது வையுங்கள். மாடிக் கதவின் பூட்டுக்குச் சாவி எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிய வேண்டும். ‘கடை’ என்று சொல்லிக் காப்பீடு எடுத்திருந்தால், உள்ளே பேட்டரி வண்டி வந்துவிட்டதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுங்கள். சொல்லாமல் விட்டால் இழப்பீடு கேட்டுப் போகும் நாளில் அதையே காரணம் காட்டி மறுத்துவிடுவார்கள்.

மின் இணைப்பிலும் ஒரு கண் வையுங்கள். வீட்டு இணைப்பிலிருந்து கடைக்கு வயர் இழுத்து வண்டி சார்ஜ் போட்டால், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவின்படி அது அனுமதியில்லாத பயன்பாடு. உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு கணக்குப் போடுவார்கள். எப்போது ஆரம்பித்தது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் முந்தைய 12 மாதத்துக்கும் சேர்த்துப் போடலாம். இணைப்பு உங்கள் பெயரில் இருப்பதால் நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும், கடை எடுத்தவருக்கு அல்ல.

அடுத்தது மொட்டை மாடி. இதில் இரண்டு தனித்தனி ஆபத்து இருக்கிறது. ஒன்று போலி டவர், இன்னொன்று நிஜ டவர்.

போலி டவர்க்காரர்கள் பேசுவது ஊருக்கு ஊர் மாறுவதில்லை. “சார் வணக்கம், டவர் டிபார்ட்மென்ட்லருந்து பேசுறோம். சாட்டிலைட் சர்வேல உங்க மாடி செலக்ட் ஆகியிருக்கு சார். அட்வான்ஸ் முப்பது லட்சம், மாச வாடகை முப்பதாயிரம், வீட்ல ஒருத்தருக்கு பர்மனென்ட் வேலை.” அன்றைக்கே வாட்ஸ்அப்பில் ஒரு கடிதம் வரும். மேலே அசோகச் சக்கர முத்திரை, தொலைத்தொடர்புத் துறை பெயர், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் பெயர், கீழே நீல மையில் ஒரு வட்ட சீல், புரியாத ஒரு கையெழுத்து. முதலில் கேட்பது சின்னத் தொகைதான், பதிவுக் கட்டணம் என்று சில ஆயிரம். அதைக் கட்டியதும் தடையில்லாச் சான்றிதழுக்கு ஒரு தொகை, பிறகு இன்சூரன்ஸ், பிறகு அரசு வரி, பிறகு ‘டவர் லாரி ஓசூர் செக்போஸ்ட்டில் நிற்கிறது, ரிலீஸ் சார்ஜ் கட்டுங்க’. கட்டினதை விடக் கூடாதே என்று மேலும் மேலும் கட்டுகிறார்கள். நகை அடகுக்குப் போகிறது.

இது ஏன் எடுபடுகிறது என்று யோசித்தால் ஒரு விஷயம் புரிகிறது. டவர் வருவது பொய் அல்ல. 2022 அக்டோபரில் 5ஜி வந்த பிறகு புதுப் பெட்டிகள் எங்கு பார்த்தாலும் ஏறுகின்றன. 2025 செப்டம்பர் 27ஆம் தேதி நாடு முழுக்க 97,500க்கும் மேற்பட்ட 4ஜி கோபுரங்களைப் பிரதமர் தொடங்கிவைத்தார். பிஎஸ்என்எல் டவர் வருகிறது என்ற பேச்சு மலையடிவார ஊர்களில் எல்லாம் இருக்கிறது. சிக்னல் விட்டு விட்டு வரும் ஊரில், டவர் வைக்க ஆள் வருகிறார்கள் என்றால் நம்பத்தான் தோன்றும். நிஜச் செய்தியின் நிழலில் நின்றுதான் மோசடிக்காரன் பேசுகிறான்.

ஆகவே இதை மட்டும் மனசில் பதித்துக்கொள்ளுங்கள். ட்ராய் எந்தக் கட்டடத்துக்கும் தடையில்லாச் சான்றிதழ் கொடுப்பதே இல்லை. தொலைத்தொடர்புத் துறைக்கும் மாடி வாடகை பேசுவதற்கும் சம்பந்தமே இல்லை, அது எந்த வரியும் வசூலிப்பதில்லை. இரண்டு அமைப்புகளும் இதைத் திரும்பத் திரும்ப அறிவித்திருக்கின்றன. நிஜக் கோபுர நிறுவனம் உங்களுக்குப் பணம் தரும். உங்களிடம் ஒரு ரூபாய்கூடக் கேட்காது. பதிவு பெற்ற நிறுவனங்களின் பட்டியல் தொலைத்தொடர்புத் துறையின் இணையதளத்தில் இருக்கிறது. வாட்ஸ்அப் கடிதத்தில் உள்ள எண்ணுக்குப் பேசாமல், அந்தப் பட்டியலில் உள்ள நிறுவனத்தின் அலுவலகத்துக்கு நேரடியாகப் பேசிக் கேளுங்கள்.

இனி நிஜ டவர். ஏர்செல்லை மறந்திருக்க மாட்டோம். தமிழ்நாட்டில் அந்த சிம் இல்லாத வீடே இல்லை என்று ஒரு காலம் இருந்தது. 2018 பிப்ரவரி மாதக் கடைசியில் அந்த நிறுவனம் திவால் மனு போட்டது, சேவை நின்றது. நமக்கு நம்பர் மாற்றும் அவஸ்தையோடு முடிந்தது. மாடியை வாடகைக்குக் கொடுத்தவர்களுக்கு அவ்வளவு சுலபமாக முடியவில்லை. டவர் விஷயத்தில் சங்கிலி இப்படி இருக்கும்: மாடி உங்களுடையது, அதன் மேல் நிற்கும் இரும்பு கோபுர நிறுவனத்துடையது, இரும்பில் தொங்கும் பெட்டி போன் கம்பெனியுடையது. போன் கம்பெனி விழுந்தால் கோபுர நிறுவனத்துக்கு வருமானம் இல்லை. அதற்கு வருமானம் இல்லையென்றால் மாடிக்கு வாடகை இல்லை. வாடகை வராவிட்டாலும் இரும்பு மட்டும் மேலே நிற்கும். அதைக் கழற்றுவதற்கு நமக்கு உரிமையில்லை, அது அடுத்தவர் சொத்து.

2022இல் அந்தக் கதை இன்னும் விபரீதமாகப் போனது. ஏர்செல் பயன்படுத்திய கோபுரங்களை வைத்திருந்த ஜிடிஎல் நிறுவனம், தமிழ்நாட்டில் தன் கோபுரங்களில் 600க்கும் மேற்பட்டவற்றைக் காணவில்லை என்று போலீசில் புகார் செய்தது. ஆள் நடமாட்டம் இல்லாமல் நின்ற டவர்களைக் கும்பல்கள் பகலிலேயே வந்து, கம்பெனி ஆட்கள் மாதிரி நடித்துக் கழற்றிக்கொண்டு போயிருக்கின்றன. டவர் நின்ற இடத்துக்காரர் வாசலில் போலீஸ் வந்து, யார் வந்தார்கள், யாரிடம் கொடுத்தீர்கள், என்ன காகிதம் காட்டினார்கள் என்று கேட்டால் என்ன பதில் சொல்வார்?

டவர் ஒப்பந்தத்தை யாராவது முழுக்கப் படித்திருக்கிறீர்களா? இருபது பக்கம் ஆங்கிலத்தில் இருக்கும். முதல் பக்கத்தில் வாடகை, கடைசிப் பக்கத்தில் கையெழுத்து, நடுவில் உள்ளதை யாரும் படிப்பதில்லை. நடுவில்தான் எல்லாம் இருக்கிறது. காலம் 15 அல்லது 20 வருஷம் என்று இருக்கும். அதுவரை நீங்கள் வெளியேற்ற முடியாது. ஆனால் நிறுவனம் ஒன்று முதல் மூன்று மாத நோட்டீசில் போய்விடலாம் என்று பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். இடத்தை இன்னொரு கம்பெனிக்கு மாற்றிக் கொடுக்க உங்களைக் கேட்க வேண்டாம் என்று ஒரு வரி இருக்கும். இன்னும் எத்தனை பெட்டி வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று ஒரு வரி இருக்கும். ஜெனரேட்டர் எங்கே நிற்கும், தளம் ஒழுகினால் யார் பார்ப்பது, போகும்போது இரும்பை எத்தனை நாளுக்குள் இறக்க வேண்டும் என்பதற்கு வரியே இருக்காது. அந்த வரிகளைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். வாடகை மூன்று மாதம் நின்றால் ஒப்பந்தம் முடிந்தது, இத்தனை நாளில் இறக்காவிட்டால் உரிமையாளரே முறைப்படி நோட்டீஸ் கொடுத்து அவர்கள் செலவில் இறக்கலாம் என்று இருக்க வேண்டும். தனியார் கட்டடத்தில் டவர் வைக்க உள்ளாட்சியின் அனுமதி தேவையில்லை, முன்கூட்டித் தகவல் தந்தால் போதும் என்று விதி தளர்ந்துவிட்டது. ஆனால் கட்டடம் அந்தப் பாரத்தைத் தாங்கும் என்று கட்டமைப்புப் பொறியாளர் சான்று தர வேண்டும். அந்தச் சான்றின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ‘வாங்கியாச்சு சார்’ என்ற வாய்ச்சொல் போதாது. முதலில் ஒரு மாடிக்கு மட்டும் அஸ்திவாரம் போட்டு, ஏலக்காய் நல்ல விலைக்குப் போன வருஷம் இன்னொரு மாடி எழுப்பிய கட்டடங்கள் நம் பக்கம் எத்தனை! அவற்றின் தலையில் டவர் ஏற்றுவதற்கு முன் பத்து முறை யோசியுங்கள்.

இதைவிடச் சத்தமில்லாமல் வருகிற ஆபத்து ஒன்று உண்டு. மாடியில் ஒரு சின்ன அறை போதும் என்பார்கள். பேரம் பேச மாட்டார்கள். ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கையில் கொடுப்பார்கள். ஆன்லைன் மார்க்கெட்டிங், சர்வர் ரூம் என்று ஏதாவது சொல்வார்கள். நல்ல இன்டர்நெட் லைன் இழுப்பார்கள், இன்வெர்ட்டர் வைப்பார்கள், பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். வாரத்துக்கு ஒரு முறை ஒரு பையன் வந்து பத்து நிமிஷம் இருந்துவிட்டுப் போவான். உள்ளே சிம் பாக்ஸ் ஓடிக்கொண்டிருக்கலாம்.

அது டிவிடி பிளேயர் அளவுக்கு ஒரு பெட்டி, பின்னால் வரிசையாகக் குட்டி ஆன்டெனாக்கள். உள்ளே பத்துக்கணக்கில், சிலவற்றில் நூற்றுக்கணக்கில் சிம் கார்டுகள். வெளிநாட்டிலிருந்து இன்டர்நெட் வழியாக வரும் அழைப்பை இந்தப் பெட்டி உள்ளூர் அழைப்பாக மாற்றிவிடும். ‘நான் சிபிஐ அதிகாரி, உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம்’ என்று எங்கோ ஒரு ரிட்டயர்டு ஆசிரியரை மிரட்டுகிறவன் வெளிநாட்டில் இருப்பான். அவருடைய போனில் விழுவது இந்திய எண்ணாக இருக்கும். போலீஸ் அந்த எண்ணைத் தேடிக்கொண்டு வந்தால் கடைசியில் நிற்பது அந்தப் பெட்டி இருக்கும் அறை வாசலில். நாட்டின் பல நகரங்களில் வாடகை அறைகளிலிருந்து இப்படிப்பட்ட பெட்டிகளை எடுத்திருக்கிறார்கள். 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில், அனுமதியில்லாமல் தொலைத்தொடர்பு வலையமைப்பு நடத்தினால் மூன்று வருஷம் வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம். பெட்டி வைத்தவன் போய்விட்டிருப்பான். கட்டட உரிமையாளர் தனக்குத் தெரியாது என்று நிரூபித்துக்கொண்டு அலைய வேண்டும்.

நிரூபிக்க என்ன இருக்கிறது கையில்? இருபது ரூபாய் பத்திரம்கூட எழுதாமல் சாவி கொடுத்தவரிடம் ஒன்றும் இருக்காது. ஆதார் நகலை மட்டும் வாங்கிக்கொண்டால் போதாது, அசலைக் கையில் வாங்கி முகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாடகையை ரொக்கமாக வாங்காதீர்கள், வங்கிக் கணக்கு வழியாக வாங்குங்கள். யாருடைய கணக்கிலிருந்து வருகிறது என்று அதிலேயே தெரியும். வாடகைக்கு வந்தவரின் விவரத்தைக் கோம்பை காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்குங்கள். மாதம் ஒரு முறை முன்கூட்டிச் சொல்லிவிட்டு அறையைப் பார்வையிடும் உரிமை ஒப்பந்தத்தில் இருக்கட்டும். குப்பையில் கட்டுக்கட்டாக சிம் கழற்றிய வெற்று பிளாஸ்டிக் அட்டை கிடந்தால், ஆள் இல்லாத அறையில் கரண்ட் பில் மட்டும் ஏறினால் காத்திருக்க வேண்டாம். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலேயே புகார் செய்யலாம்.

இன்னொரு திருட்டு, சின்னதுதான், ஆனால் அடிக்கடி நடப்பது. கடை வாடகைக்கு என்று ஆன்லைனில் படம் போட்டால் ஒருவர் பேசுவார். தான் ராணுவத்தில் இருப்பதாகச் சொல்வார், சீருடைப் படம் அனுப்புவார், இடத்தைப் பார்க்காமலேயே பிடித்துவிட்டது என்பார். அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்கண்ணே என்பார். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் போட்டால் அது உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். அவ்வளவுதான் விஷயம், வீட்டில் போன் வைத்திருக்கிற எல்லாருக்கும் இதைச் சொல்லிவிடுங்கள்.

மோசடி இல்லாத, நேர்மையான வாடகைக்காரர்களால் வரும் நஷ்டம் வேறு ரகம். அதையும் பேச வேண்டும், ஏனென்றால் இந்தப் பக்கம் ஏலக்காய்க் காசும் திராட்சைக் காசும் கடைசியில் போய் நிற்பது சிமெண்டில்தான். மலைக்கு மேலே இடுக்கியில் தோட்டம், மலைக்குக் கீழே ஊரில் ஒரு காம்ப்ளெக்ஸ் என்பது கௌரவம். 2022 மே மாதம் தேனிக்கும் 2023 ஜூனில் போடிக்கும் அகல ரயில் வந்த பிறகு இந்த ஆசை இன்னும் கூடியிருக்கிறது. வங்கிக் கடன் வாங்கிப் பத்து ஷட்டர் போட்டு, ‘மாசம் இவ்வளவு வாடகை வரும், கடன் தானா அடையும்’ என்று கணக்குப் போடுகிறார்கள்.

ஒரே ஷட்டருக்குள் கடந்த நாற்பது வருஷத்தில் என்னென்ன வந்து போயின என்று எண்ணிப் பாருங்கள். எஸ்டிடி பூத் வந்தது. கேசட்டில் பாட்டுப் பதிந்து தரும் கடை வந்தது. அடுத்த ஊரான பண்ணைப்புரத்து இளையராஜாவின் பாட்டைப் பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டு நாள் கணக்கில் காத்திருப்போம். பிறகு சிடி வாடகை, பிறகு பிரவுசிங் சென்டர், பிறகு ரீசார்ஜ் கடை, பிறகு ஏடிஎம். ஒவ்வொன்றும் வந்தபோது இது நிரந்தரம் என்றுதான் நினைத்தோம். ஏடிஎம் வந்தால் பாங்கே வாடகை தரும், கவலையில்லை என்றார்கள். 2016இல் வந்த யுபிஐ இன்று டீக்கடை வரை நிற்கிறது. ரிசர்வ் வங்கிக் கணக்குப்படி 2023 செப்டம்பரில் நாட்டில் சுமார் 2.19 லட்சம் ஏடிஎம்கள் இருந்தன, ஒரே வருஷத்தில் அது சுமார் 2.15 லட்சமாகக் குறைந்தது. எஸ்டிடி பூத் இருபது வருஷம் தாங்கியது. இப்போது வருகிறவை அவ்வளவு காலம் தாங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. வங்கிக் கடன் மட்டும் பதினைந்து வருஷம் ஓடும்.

போடியைப் பாருங்கள். ஏலக்காய் ஏலம் வாயால் கூவி நடந்த காலம் ஒன்று. 2007இல் நறுமணப் பொருள் வாரியம் மின்னணு ஏலத்தைக் கொண்டு வந்தது. வியாபாரி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து விலை அமுக்கினார். 2021இல் போடியில் உட்கார்ந்தே இடுக்கி புற்றடி ஏலத்திலும், புற்றடியில் உட்கார்ந்தே போடி ஏலத்திலும் கலந்துகொள்ளும் வசதி வந்தது. நல்ல மாற்றம்தான், விலை வெளிப்படையாகத் தெரிகிறது. ஆனால் ஏல மையத்துக்குப் பக்கத்தில் இடம் பிடித்தால் தலைமுறைக்கும் வாடகை வரும் என்று போட்ட கணக்கு அதோடு ஆட்டம் காணத் தொடங்கியது. சரக்கு வைக்க, தரம் பிரிக்க இடம் வேண்டும். அது மெயின் ரோட்டு முகப்பில் இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை.

பார்சல் கம்பெனிக்காரர்களும் அப்படித்தான். அவர்களுக்கு போர்டு வேண்டாம், ஷோகேஸ் வேண்டாம். காலையில் வண்டி வந்து மூட்டை இறக்கவும், பையன்கள் பைக்கில் பிரித்து எடுத்துப் போகவும் இடம் இருந்தால் போதும். சந்துக்குள் இருக்கும் பழைய திராட்சை கோடவுனே அவர்களுக்கு வசதி. மெயின் ரோட்டு ஷட்டருக்கு அவர்கள் அதிக வாடகை தருவது வேறு இடம் கிடைக்கும் வரைக்கும்தான். அதோடு, அவர்கள் கொண்டுவந்து இறக்கும் மூட்டைக்குள் இருப்பது, அதே காம்ப்ளெக்ஸில் ஜவுளிக்கடையும் செருப்புக்கடையும் வைத்திருக்கும் மற்ற வாடகைக்காரர்களின் வியாபாரம். ஒரு கடைக்கு வாடகை கூடி வரும்போது பக்கத்துக் கடைக்காரர் ஏன் மூன்று மாதம் பாக்கி வைக்கிறார் என்பதற்குப் பதில் அங்கே இருக்கிறது.

கட்டக் கூடாது என்று சொல்லவில்லை. பத்து அடிக்குப் பத்து அடிக் கூண்டுகளாகச் சுவர் எழுப்பி அடைத்துவிடாதீர்கள் என்கிறேன். தூண் மேல் நிற்கும் திறந்த தளமாக விட்டு, நடுவில் பிரித்து எடுக்கக்கூடிய தடுப்பு வைத்தால், இன்று கடை, நாளை கிடங்கு, அடுத்து ஏதோ ஒன்று என்று மாற்ற முடியும். பின்பக்கம் ஒரு மினி லாரி வந்து திரும்ப இடம் விடுங்கள். மூன்று பேஸ் மின்சாரத்துக்கு இப்போதே குழாய் பதித்து வையுங்கள். மேலே வீடு கட்டுவதாக இருந்தால் அதற்குத் தனிப் படி, கடைகளைத் தொடாமல் தெருவுக்கு இறங்கும்படி. வாடகையை நம்பிக் கடன் வாங்கினால், பாதிக் கடைகள் ஒரு வருஷம் பூட்டிக் கிடந்தாலும் தவணை கட்ட முடியுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். முடியாது என்றால் ஷட்டர்களைப் பாதியாகக் குறையுங்கள்.

பத்திர விஷயத்திலும் நம் ஊர்ப் பழக்கம் மாற வேண்டும். ‘தெரிஞ்ச பையன், எழுதி என்னத்துக்கு’ என்று விடுவதும், 11 மாதத்துக்கு எழுதி அதையே ஆறு வருஷம் இழுப்பதும்தான் வழக்கம். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்யாவிட்டால், சண்டை வரும்போது அந்தக் காகிதத்தை நம்பிக் கோர்ட்டில் நிற்க முடியாது. 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் அமலில் இருக்கும் வாடகைச் சட்டம், கடை வாடகையையும் எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதியச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் ‘வியாபாரத்துக்காக’ என்று பொத்தாம் பொதுவாக எழுதாதீர்கள். என்ன வியாபாரம், என்ன பொருள், இரவில் எந்த இயந்திரம் ஓடும், எத்தனை யூனிட் மின்சாரம் என்று எழுதுங்கள். அதை மீறினால் ஒப்பந்தம் ரத்து என்ற வரியைச் சேருங்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள் அந்தக் காகிதங்களை பீரோவிலிருந்து எடுங்கள். உத்தமபாளையம் கோர்ட்டுக்கு நம் ஊரிலிருந்து பஸ் இருக்கிறது, வக்கீல்களும் இருக்கிறார்கள். ஒரு வக்கீலிடம் கொடுத்து, ஒவ்வொரு பக்கத்தையும் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். எத்தனை வருஷம் நான் கட்டுண்டு இருக்கிறேன், வாடகை நின்றால் நான் என்ன செய்யலாம், விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்ற மூன்றையும் கேளுங்கள். டவர் என்று பணம் கட்டியவர்கள், க்யூஆர் ஸ்கேன் செய்து ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் பேசுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால் முடக்கி வைக்க வழி இருக்கிறது. ராத்திரி என்றாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.